பயனாளி பதினேழு

அந்திமந்தாரை அறக்கட்டளையில் செலினுக்கு முட்டை டீச்சர் என்று பட்டப்பெயர். அவள் டீச்சர் வேலை பார்த்ததே இல்லை. மஸ்கட்டில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பியவள். முதியோருக்கு அதைச் செய்கிறோம், இதைச் செய்கிறோம் என்று நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போட, சம்பளமில்லாத தொண்டர்கள் மூன்று பேர் அங்கே உண்டு. மூவரில் இவளுக்குத்தான் கை இறுக்கம். முட்டைக்கு மேல் போட அவளுக்கு மனசே வராது.

பாலக்கரையில் தனியாக இருக்கிற அம்மா, பொழுது போகவேண்டும், நாலு பேருக்கு நல்லது செய்யவேண்டும் என்று வருகிறார் என்றுதான் ஆபீஸில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நல்லதாவது கெட்டதாவது. நாலு வருடமாக அவள் ஒரே ஒரு ஆளின் விண்ணப்பத்துக்காகக் காத்திருந்தாள். அந்த ஆள் எங்கெங்கோ நிதி வாங்கிக்கொண்டிருந்தான். என்றைக்காவது இங்கேயும் வந்து கை நீட்டாமலா போவான் என்று உட்கார்ந்திருந்தாள்.

இந்த வருடத்தின் முப்பத்தோராவது விண்ணப்பமாக அது வந்தது. விண்ணப்பித்தவர் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகப் பெயர், ஊர் எல்லாவற்றையும் கணினி கறுப்பு மை பூசி அனுப்பும். இதிலும் பூசியிருந்தது. தனியாக இருக்கும் பெரியவர்களிடம் அவர்களுடைய பிள்ளையின் குரலிலேயே தினமும் பேசும் கருவி. முதலில் நாற்பதாயிரம் வீடுகள். இது போதவில்லை என்று மூன்றாம் பின்னிணைப்பில் ஒரு மாதிரி உரையாடலையும் வைத்திருந்தார்கள்.

*குரல்: சாப்ட்டியாம்மா?*

*பயனாளி 17: ஆச்சு. நெத்திலிக் கொழம்பு, மாங்கா போட்டு. நீ இருந்தா கொட்டை உனக்குத்தான்னு சண்டைக்கு வருவ.*

*குரல்: எனக்கு எடுத்து வைம்மா.*

*பயனாளி 17: தாசில்தார் இன்னிக்கு எரையே எடுக்கல. வயசாயிருச்சு அவருக்கும்.*

மாங்கொட்டைக்குச் சண்டை போட்ட மகள்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் தாசில்தார் என்று ஒரு சேவலுக்குப் பெயர் வைத்தவள் உலகத்தில் ஒருத்திதான். அது ஒரு உயிரின் பெயர் என்று கறுப்பு மை பூசும் கணினிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. செலின் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா அன்னம்மாளை, செத்து ஏழு வருடம் கழித்தும், ‘சிறந்த மாதிரி’ என்று காட்டி அந்த ஆள் காசு கேட்கிறான்.

அதற்குக் குரல் கொடுத்தவளே செலின்தான். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு பெண் ஒலிவாங்கியோடு வந்தாள். ஃபேனை நிறுத்திவிட்டுப் படுக்கையறையில் உட்கார வைத்து முந்நூறு வாக்கியங்களை வாசிக்கச் சொன்னாள். இரட்டை ஷிஃப்ட் பார்க்கிறவளுக்கு அம்மாவிடம் தினமும் பேச நேரமில்லை, இதுவாவது பேசட்டுமே என்று செலினும் வேர்த்து விறுவிறுத்து வாசித்தாள். அதில் ஒரு வாக்கியம், ‘நாளைக்குக் காலைல வந்துடறேன்மா.’ இது எதுக்கு, நான் வரப்போறதில்லையே என்று கேட்டாள். சும்மாக்கா, பெரியவங்க கேக்கறப்ப இல்லன்னு சொல்லக்கூடாதுல்ல என்றாள் அந்தப் பெண்.

எட்டு மாதம் கழித்து அம்மாவுக்கு நெஞ்சு அடைத்தது. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, வர்றியா என்று கருவியிடம் கேட்டிருக்கிறாள். கொஞ்சம் சாஞ்சுக்கம்மா, நாளைக்குக் காலைல வந்துடறேன் என்று அது சொல்லியிருக்கிறது. அடுத்த வீட்டில் ரீத்தா இருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பாள். அம்மா கொடுக்கவில்லை. மாதா திருவிழாவுக்கு எடுத்த ஊதாப் புடவையைக் கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் மத்தியானம் ரீத்தா கதவைத் திறந்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. அம்மா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் இருந்ததால் யார் மேலும் தப்பில்லை என்றாகிவிட்டது. திட்டத்தை உருவாக்கிய டாக்டர் மகுடேஸ்வரன் அன்றைக்கு எழுந்து ஒன்று சொன்னார். கடைசி நேரத்தில் அந்தம்மாவின் குரலை அளந்து பார்த்தோம், பயத்தின் சுவடே இல்லை, இது சாதாரண விஷயமா என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைச் செலின் மறக்கவில்லை. சாகும்வரை மறக்கமாட்டாள்.

படிவத்தின் முதல் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. விண்ணப்பதாரருக்கும் உங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? ஆம் என்றால் அந்த விண்ணப்பத்தை அவள் தொடக்கூடாது. இல்லை என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டாள்.

மதிப்பீட்டுக் கூட்டம் சனிக்கிழமை காலை நடந்தது. தலைவர் நாச்சியப்பன், கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருத்தி ஷமீமா, வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறவள்.

“இது பொய்தானே சார்?” என்று ஷமீமா ஆரம்பித்தாள். “மக இங்க இல்ல. மக மாதிரி ஒண்ணு பேசுது.”

“புள்ளைக்கு நிலாவக் காட்டிச் சோறு ஊட்றோம். அதெல்லாம் பொய்யின்னா பாக்குறோம்?” என்றார் நாச்சியப்பன். “பேசப் பேச ரத்த அழுத்தம் எறங்குதுன்னு கணக்குக் குடுத்திருக்காங்கம்மா. யாருமே பேசாத வீட்ல ஒரு குரல் கேக்குதுல்ல.”

“சரி சார். ஆனா நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா அது என்ன பண்ணும்?”

நாச்சியப்பன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இருபத்திரண்டாம் பக்கத்தைத் தேடி எடுத்தார். “முன்னாடி ஒரு தடவ பிள்ளைங்களுக்குத் தகவல் போற மாதிரி வச்சுப் பாத்திருக்காங்க. பத்துல ஒம்பது வெறும் வாயுத் தொல்லையாம். தொந்தரவா இருக்குன்னு பிள்ளைங்களே நிறுத்தச் சொல்லிட்டாங்க. அதனால குரல் ஆறுதல் மட்டும் சொல்லும். வைத்தியம் பாக்காது.”

“பிள்ளைங்களுக்குத் தொந்தரவா?” ஷமீமாவின் முகம் சுண்டிவிட்டது. “சார், இதுல ஆம்புலன்ஸக் கூப்பிடற மாதிரி ஒரு ஏற்பாட்டைச் சேக்கச் சொல்லுங்க. அப்பதான் நான் மார்க்கே போடுவேன்.”

இருவரும் செலினைப் பார்த்தார்கள். முட்டை விழப்போகிறது என்று எதிர்பார்த்திருப்பார்கள். முட்டை போட்டால் அந்த ஆளுக்கு என்ன ஆகிவிடும்? வேறொரு அறக்கட்டளைக்குப் போவான். செலினுக்கு அது போதாது.

“ஒண்ணும் சேக்க வேணாம்,” என்றாள் செலின். “இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். வாழ்ந்து பாக்குற விதி ஒண்ணு இருக்கில்லங்க நம்மகிட்ட?”

இருந்தது. அறக்கட்டளை ஆரம்பித்த புதிதில், கழிப்பறையில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கக் கைப்பிடி மாட்டும் திட்டம் ஒன்றுக்கு நிதி கொடுத்தார்கள். மாட்டினவர்கள் எல்லோரும் வாட்டசாட்டமான இளவட்டங்கள். கைப்பிடி ஒரு கிழவிக்கும் எட்டவில்லை. அதிலிருந்து ஒரு விதி வந்தது. மதிப்பிடுகிறவர் ஒருவர் கேட்டாலும் போதும், திட்டத்தின் தலைவர் தன் சொந்த வீட்டில் தொண்ணூறு நாள் பயனாளியாக வாழ்ந்து காட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் பணம். கேட்டவரே அந்தத் தொண்ணூறு நாள் அறிக்கையையும் படிக்கவேண்டும். அந்த வேலைக்குப் பயந்தே பத்துப் பன்னிரண்டு வருடமாக யாரும் அதைக் கேட்டதில்லை.

“நான் படிக்கறேன்,” என்றாள் செலின். “ஒரு வரி மாத்தக்கூடாது. மாத்துனா முட்டை.”

ஷமீமா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனால் விதி விதிதான்.

செலின் ஏழு வருடமாக மகுடேஸ்வரனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்து வந்தவள். அவருடைய மனைவி மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்ததைப் பேப்பரில் பார்த்திருந்தாள். எழுபத்து நான்கு வயது. கே.கே.நகரில் தனி வீடு. ஒரே மகன் மித்ரன் கனடாவில். அம்மா சாவுக்கு வந்து போனவன் அதற்கப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. நீயும் உட்கார்ந்து பாருடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மித்ரனிடம் முந்நூறு வாக்கியங்களைக் கேட்டு ஆபீஸிலிருந்து கடிதம் போனது. அப்பாவிடம் பேச நேரமில்லாத மகன் இதை அன்றைக்கே வாசித்து அனுப்பிவிட்டான். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

ஒவ்வொரு பேச்சும் முடிந்த பத்தாவது நிமிடம் அதன் எழுத்து வடிவம் செலினின் திரைக்கு வந்துவிடும். முதல் வாரம் மகுடேஸ்வரன் வாத்தியார் மாதிரிதான் இருந்தார். பேச்சு அரை நொடி தாமதம், ‘சாப்டீங்ளாப்பா’வில் இழுப்பு போதவில்லை என்று குறிப்பெழுதினார். மூன்றாவது வாரம் குறிப்பு நின்றது. ஒரு நாள் குரல் சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு, ஆச்சு, நீ சாப்டியா சாமி என்று திருப்பிக் கேட்டார். இயந்திரத்தைப் போய்ச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். செலின் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். அன்றைக்கு மீன் வாங்கி வறுத்துச் சாப்பிட்டாள்.

நாற்பதாவது நாள், மனைவி கடைசியாகப் பேசியது என்ன என்று அதனிடம் சொல்லி அழுதார். அறுபதாவது நாள் குரல் கூப்பிட இரண்டு நிமிடம் தாமதமானதற்குக் கோபித்துக்கொண்டார். எழுபத்தொன்றாவது நாள் கேட்டே விட்டார்.

*பயனாளி: நீ எப்பத்தான்டா வருவ?*

*குரல்: நாளைக்குக் காலைல வந்துடறேன்ப்பா.*

*பயனாளி: சரி சாமி.*

அந்த வாக்கியத்தை எழுதியவரே அவர்தான். அது என்ன விலை போகும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. இருந்தும் மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசல் கேட்டைத் திறந்து வைத்தேன் என்று குரலிடம் சொல்லியிருந்தார். செலினுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஏழு வருடத்தில் அவள் இவ்வளவு நன்றாகத் தூங்கியதில்லை.

எண்பத்து மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, பதினொரு மணிக்குத் திரையைத் திறந்தாள்.

*பயனாளி: நெஞ்சு ஒரு மாதிரி இருக்குது மித்ரா. எடது கை மரத்துப்போச்சு.*

*குரல்: கொஞ்சம் சாஞ்சுக்கங்கப்பா. நாளைக்குக் காலைல வந்துடறேன்.*

*பயனாளி: வந்துருவதானே? சரி. நான் சட்டையை மாத்திக்கறேன்.*

இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தவளுக்கு யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. இது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்பதும் தெரியும். ஷமீமா கேட்ட ஏற்பாட்டை வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான்.

எழுந்து போய் டீ போட்டாள். குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அம்மாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள், ஒன்றும் தோன்றவில்லை. கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தைந்து. போய்ப் பார்க்கவேண்டும் போலிருந்தது. காப்பாற்ற இல்லை. அந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற கோலத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும். ஆட்டோ பிடித்தாள்.

கே.கே.நகர் வீட்டின் கேட் திறந்துகிடந்தது. கதவும் திறந்துகிடந்தது. கூடத்தில் நாற்காலி வாசலைப் பார்க்கத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. மகுடேஸ்வரன் அதில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரின ஈரத்தலை, முகத்தில் திட்டுத்திட்டாகப் பவுடர். பின்னால் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அம்மாவைச் செலின் அந்தக் கோலத்தில் பார்த்ததில்லை, ரீத்தா சொல்லிக் கேட்டதுதான். இப்போது பார்த்துவிட்டாள். கை தானாக நூற்றெட்டை அழைத்தது. நாடியைப் பிடித்தது, சட்டைப் பொத்தானைத் தளர்த்தியது.

“யாருங்க?” என்றார் அவர். உதடு வெளுத்திருந்தது.

“நர்ஸ். பேசாதீங்க.”

ஆம்புலன்ஸ் வந்ததும் மனிதர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டார். ஸ்ட்ரெச்சரோடு வந்த இரண்டு பேர் கெஞ்சியும் விடவில்லை.

“நான் வர்லீங்க. பையன் வர்றான். வந்து பாத்து வீடு பூட்டிக் கெடந்தா என்னங்க நெனப்பான்?”

“ஐயா, லேட் பண்ணாதீங்க. உயிருக்கு ஆபத்து,” என்றான் ஒருவன்.

“நாளைக்குக் காலைல வர்றேன்னு சொல்லிருக்கானுங்க.”

ஸ்ட்ரெச்சர்காரர்கள் செலினைப் பார்த்தார்கள். அது கருவிங்க, உங்க மகன் இல்லை, நீங்களே எழுதின பொய் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சொல்லியிருந்தால் மனிதர் அந்த நாற்காலியிலேயே முடிந்திருப்பார். அவள் குனிந்து அவர் காதருகே பேசினாள்.

“மித்ரன் எனக்குப் போன் பண்ணாருங்க. வீட்டுக்கு வரல. நேரா ஆஸ்பத்திரிக்கே காலைல வந்துடறாராம்.”

நாற்காலியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

பிழைத்துக்கொண்டார். இதயத்தில் பாதிதான் இனி வேலை செய்யும், இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். எவ்வளவு முன்னால் என்று செலினுக்கு நிமிடக் கணக்காகத் தெரியும். டாக்டரிடம் அவள் அதைச் சொல்லவில்லை.

அன்று மாலை கனடாவுக்குப் பேசினாள். மித்ரன் பொறுமையாகத்தான் கேட்டான்.

“ஆபத்து இல்லைல்லங்க? இந்த மாசம் லீவு கஷ்டம். அடுத்த மாசம் பாக்கறேன்.” கொஞ்சம் யோசித்தான். “மேடம், அந்தக் குரல் பொட்டி வீட்லதானே இருக்கு? அத ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெக்க முடியுங்களா?”

அடுத்து ஷமீமாவைக் கூப்பிட்டாள். மாங்கொட்டை, தாசில்தார், டிக் போட்டது, டீ குடித்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

“உங்க மார்க் இனிமே செல்லாதுக்கா,” என்றாள் ஷமீமா. “முட்டைய நான் போட்டுக்கறேன். நாச்சியப்பன் சார்கிட்டயும் நானே பேசறேன். நீங்க ஆபீஸ் பக்கம் வராதீங்க.”

மறுநாள் காலை செலின் போனபோது மகுடேஸ்வரன் கண் விழித்துத்தான் இருந்தார். மணி பத்தாகிவிட்டிருந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நேத்து வந்த நர்ஸம்மாவுங்களா?”

“நான் பயனாளி பதினேழோட மக.”

அவருக்கு எண் போதுமானதாக இருந்தது. மூன்றாம் பின்னிணைப்பில் அந்த எண்ணைப் போட்டவரே அவர்தானே. கண்ணை மூடிக்கொண்டார். செலின் காத்திருந்தாள். மன்னிப்புக் கேட்டால் மூஞ்சியில் துப்புவதாக இருந்தாள்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. “அன்னிக்கு உங்கம்மா கொரல்ல பயமே இல்லைன்னு சொன்னனுங்க,” என்றார் மெதுவாக. “அளந்து பாத்துத்தான் சொன்னேன். அது தப்புங்க. நேத்து எனக்குப் பயந்து ஒடம்பே நடுங்குச்சு. ஆனா அவன் அங்க பதறுவானேன்னு கொரல அடக்கிட்டுப் பேசுனனுங்க. அந்தம்மாவும் உங்களுக்காகத்தானுங்க அடக்கிருப்பாங்க.”

செலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏழு வருடம் சேர்த்து வைத்திருந்த வசவில் ஒன்றுகூட வரவில்லை. அழுகைதான் வந்தது. துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தபோது அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலைல வர்றான்னு சொன்னீங்களே,” என்றார். “மித்ரன் வருவானுங்களா?”

மகன் சொன்னது ஒவ்வொரு சொல்லும் அவளிடம் இருந்தது. அதைவிடக் கூர்மையான கத்தி அவளுக்கு இனிமேல் கிடைக்காது. அந்தக் குரல் பெட்டியைக் கொண்டுபோய் வைக்கச் சொன்னான் உங்கள் பிள்ளை என்று ஒரு வரி சொன்னால் போதும்.

“நாளைக்குக் காலைல வந்துடுவார்,” என்றாள் செலின்.

அந்த வாக்கியத்தை அவள் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் தன் வாயால் இப்படி நிதானமாகச் சொல்லியிருக்கிறாள், ஃபேனை நிறுத்தின அறையில். இரக்கத்தில் சொன்னாளா, பழிக்குச் சொன்னாளா என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

மகுடேஸ்வரன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அது யார் எழுதிய வாக்கியம் என்று அவருக்கா தெரியாது?

“சரிங்க,” என்றார். பிறகு, தலையணையைக் கால்மாட்டுப் பக்கம் திருப்பிப் போட முடியுமா என்று கேட்டார். இப்படிப் படுத்தால் கழுத்தைத் திருப்பினால்தான் கதவு தெரிகிறதாம்.

செலின் எழுந்து திருப்பிப் போட்டாள்.